வலிக்குக் காந்தம்: தேர்ந்தெடுப்பது முதல் வேலை செய்கிறதா என்று சோதிப்பது வரை

காந்தப் பட்டை வாங்கப் போகிறவரிடம் பெரும்பாலும் சொல்லப்படுவது இதுதான்: ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் அதை இழுத்து ரத்த ஓட்டத்தைக் கூட்டும், வலிக்கிற இடத்தில் கட்டினால் போதும். இதில் இரும்பு இருக்கிறது என்பது மட்டுமே சரி. ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்பு ஆணியில் இருக்கும் இரும்பைப் போல நடந்துகொள்ளாது. ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தைக் காந்தம் மிக மெல்லிதாக விலக்கத்தான் செய்யும். ஆக்சிஜன் இறங்கிய ஹீமோகுளோபின் மிக மெல்லிதாக ஈர்க்கப்படும். லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் 1936-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுப்பவர் 15,000 அல்லது 30,000 காஸ் புலத்துக்குள் கிடக்கிறார். அவருடைய ரத்தம் ஒரு பக்கமாகப் போய்த் தேங்குவதில்லை.

அப்படியென்றால் காந்தத்தைத் தொடவே வேண்டாமா? பாதுகாப்பு விதிகளை மீறாதவரை கட்டிப் பார்ப்பதில் பெரிய தீங்கு இல்லை. ஆனால் கட்டுவதென்றால் எந்தக் காந்தம், எவ்வளவு வலு, எத்தனை மணி நேரம் என்று தெரிந்து கட்ட வேண்டும். அது உங்களுக்கு வேலை செய்கிறதா என்பதை விற்பவர் பேச்சை வைத்தோ, முதல் இரண்டு நாள் தெம்பை வைத்தோ முடிவு செய்யாமல், வீட்டிலேயே ஒழுங்காகச் சோதித்து முடிவு செய்ய வேண்டும். இந்த வழிகாட்டி அதற்காகத்தான்.

முதலில்: இது காந்தம் கட்டிப் பார்க்கக்கூடிய வலிதானா?

மருத்துவர் பார்த்துக் காரணம் சொல்லிவிட்ட, பல வாரங்களாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், உடனடி ஆபத்து இல்லாத வலிக்கு மட்டுமே இந்தச் சோதனை. முழங்கால் மூட்டுத் தேய்மானம், குதிகால் வலி, நாள்பட்ட இடுப்பு வலி, கழுத்துப் பிடிப்பு, விரல் மூட்டு வலி ஆகியவை இதில் வரும்.

கீழே சொல்பவை இருந்தால் காந்தத்தை எடுத்து வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். நெஞ்சு வலி, அல்லது தாடைக்கும் இடது கைக்கும் பரவும் வலி. இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் அடக்க முடியாமை, தொடை இடுக்கில் மரத்துப்போதல், காலில் பலம் குறைதல். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தல். சிவந்து சூடாக வீங்கிய மூட்டோடு காய்ச்சல். காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் தணியாத இரவு வலி. விழுந்து அடிபட்ட பிறகு கால் ஊன்ற முடியாத நிலை. இவற்றில் சிலவற்றில் ஒரு நாள் தாமதமே நிரந்தரப் பாதிப்பாகிவிடும். காந்த சிகிச்சையால் வரும் கேடுகளில் மோசமானது காந்தத்தின் புலத்தால் வருவதல்ல. “இன்னும் ஒரு வாரம் கட்டிப் பார்ப்போம்” என்று போகும் அந்த ஒரு வாரத்தால் வருவது.

யார் கட்டவே கூடாது

உடலுக்குள் பேஸ்மேக்கர் அல்லது இதய அதிர்வுக் கருவி வைத்திருப்பவர்கள். பேஸ்மேக்கருக்குள் காந்தத்தை உணரும் ஒரு சுவிட்ச் உண்டு. மருத்துவர்கள் சோதனைக்காக அதைப் பயன்படுத்துவார்கள். சுமார் 10 காஸ், சில கருவிகளில் 5 காஸ் பட்டாலே அது இயங்கிவிடலாம். அப்போது பேஸ்மேக்கர் இதயத் துடிப்பைக் கவனிக்காமல் நிலையான வேகத்தில் துடிப்பைத் தரத் தொடங்கும். அதிர்வுக் கருவியோ, தேவைப்படும் நேரத்தில் அதிர்ச்சி கொடுக்காமல் இருந்துவிடும். காந்தத்தை எடுத்ததும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும் என்றாலும், அந்த இடைவெளியில் என்ன நடக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

காதில் காக்ளியர் கருவி, மூளை நீரை வடிக்கும் காந்தத்தால் திருத்தக்கூடிய வால்வு, நரம்புத் தூண்டல் கருவி, இன்சுலின் பம்ப் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். கண்ணிலோ உடலிலோ இரும்புத் துணுக்கு பதிந்தவர்களும் விலகியிருக்க வேண்டும். கர்ப்பிணிகள் வயிற்றின் மேலும் இடுப்பின் மேலும் வைக்க வேண்டாம்.

கருவி உங்கள் உடலில் இல்லை, அருகில் படுப்பவரின் உடலில் இருக்கிறது என்றாலும் கவனம் வேண்டும். காந்தத்துக்கும் அந்தக் கருவிக்கும் குறைந்தது 15 செ.மீ. இடைவெளி தேவை. காந்தப் பட்டை கட்டிய கையோடு பேரக் குழந்தையைத் தூக்குவது போலவே, பேஸ்மேக்கர் வைத்த தாத்தாவை நெஞ்சோடு அணைப்பதும் இயல்பாக நடந்துவிடும். எண்ணாமல் நடக்கும் இந்த மாதிரி நெருக்கங்களைத்தான் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். காந்தப் படுக்கை இருக்கிற கட்டிலைப் பகிர்ந்துகொள்ளவே கூடாது.

காஸ் கணக்கு: இதைப் புரிந்துகொண்டால் பாதி விளம்பரம் உதிர்ந்துவிடும்

காந்தப் புலத்தின் அளவு காஸ். 10,000 காஸ் சேர்ந்தால் 1 டெஸ்லா. பூமியின் புலம் இடத்துக்கு இடம் 0.25 முதல் 0.65 காஸ் வரை. குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் அலங்காரக் காந்தம் 50 முதல் 100 காஸ். வலிக்கான பட்டைகளில் வருவது மேற்பரப்பில் சில நூறு முதல் 2,000 காஸ் வரை.

பெட்டியில் “12,000 காஸ்” என்று அச்சடித்திருந்தால் அது பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் அது உங்கள் தோலைத் தொடும் அளவு அல்ல. அந்த எண் காந்தப் பொருளுக்குள்ளேயே எஞ்சி நிற்கும் காந்தத்தன்மையின் அளவு. நியோடிமியம் என்ற வலுவான காந்தப் பொருளின் என்35 என்ற தரத்துக்கு அது ஏறத்தாழ 12,000. அதே பொருளை 20 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள வில்லையாகச் செய்தால், மேற்பரப்பின் நடுவில் கிடைப்பது சுமார் 1,700 காஸ்தான்.

அங்கிருந்து விலக விலக என்ன ஆகிறது என்று பாருங்கள். அதே வில்லையின் நடுக்கோட்டில் 10 மி.மீ. தள்ளி சுமார் 500 காஸ். 20 மி.மீ. தள்ளி 135. 30 மி.மீ. தள்ளி 50. 5 செ.மீ. தள்ளி 12. 15 செ.மீ. தள்ளிப் போனால் அரை காஸ், அதாவது பூமியின் புலத்துக்குச் சமம். பேஸ்மேக்கருக்குச் சொன்ன 15 செ.மீ. கணக்குக்கு இதிலேயே விளக்கம் இருக்கிறது. பட்டையின் துணி, பஞ்சு, மேலே போட்ட உடை எல்லாம் சேர்ந்து 5 மி.மீ. ஆனால், தோலைத் தொடும்போதே 1,700 ஆனது 1,050-க்கு இறங்கியிருக்கும்.

இதை உடலோடு பொருத்துங்கள். விரல் மூட்டு தோலுக்குச் சில மி.மீ. கீழே இருக்கிறது. முழங்கால் சில்லும் அப்படித்தான். முதுகெலும்பின் வட்டு தோலிலிருந்து பல செ.மீ. உள்ளே. இடுப்பு மூட்டு அதைவிடவும் ஆழத்தில். ஆகவே இடுப்புப் பட்டையில் தைத்த சின்னக் காந்தங்களிலிருந்து வட்டுக்குப் போய்ச் சேருவது மிகமிகச் சொற்பம். காந்தம் வலியைக் குறைக்கும் என்று வாதத்துக்கு ஒப்புக்கொண்டாலும், அந்தப் புலம் வலிக்கிற இடத்தை எட்டவே இல்லை.

மலிவான வளையும் காந்தத் தகடுகளில் நிலைமை இன்னும் மோசம். அவற்றில் வட, தென் முனைகள் கோடு கோடாக மாறி மாறி வரும்; ஒன்றின் புலத்தைப் பக்கத்துக் கோடு அழித்துவிடும். சில மி.மீ. தாண்டினால் எதுவும் இருக்காது.

எதை வாங்குவது

மூன்று வகை கிடைக்கும். ஃபெரைட் காந்தம் கறுப்பு நிறம், பீங்கான் போன்ற சொரசொரப்பு, துருப்பிடிக்காது. அதே 20-க்கு 3 மி.மீ. வில்லையில் நியோடிமியத்தின் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 550 காஸ் தரும். நியோடிமியம் பளபளவென்று வெள்ளி நிறத்தில் நிக்கல் பூச்சோடு வரும். வலு அதிகம், ஆனால் எளிதில் உடையும், பூச்சு போனால் துருப்பிடிக்கும். மூன்றாவது, மேலே சொன்ன வளையும் ரப்பர் தகடு.

சோதித்துப் பார்க்க நியோடிமியமே வசதி. என்35 தரம் போதும். என்52 இன்னும் வலுவானது என்றாலும் வலிக்கு அதனால் கூடுதல் பயன் உண்டென்று யாரும் காட்டவில்லை, விரல் நசுங்கும் வாய்ப்புதான் கூடும். விட்டம் 20 மி.மீ., தடிமன் 3 மி.மீ. உள்ள வில்லை இரண்டு வாங்கினால் போதுமானது. கூடவே அதே அளவுள்ள சாதாரண எஃகு வில்லை இரண்டும் வாங்குங்கள். அது எதற்கென்று சோதனைப் பகுதியில் தெரியும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள், அதாவது போலி நகை போட்டால் காது, கழுத்து அரிப்பவர்கள், எபாக்சி பூச்சு போட்ட காந்தமாகக் கேளுங்கள்.

பட்டையில் தைத்தே வருவதை வாங்கினால் மூன்று விவரம் கேளுங்கள்: காந்தத்தின் வகை, விட்டமும் தடிமனும், மேற்பரப்பு காஸ். மூன்றாவதுக்குப் பதில் வராவிட்டால், அந்தப் பட்டையைச் சாதாரண முழங்கால் பட்டையாக மட்டும் மதிப்பிட்டு வாங்குங்கள்.

வடமுனை வலியைத் தணிக்கும், தென்முனை தெம்பூட்டும் என்ற கணக்கை நம்பிக் குழம்ப வேண்டியதில்லை. நூலில் தொங்கவிட்டால் வடக்கு நோக்கும் முனையை அறிவியல் வடமுனை என்கிறது. சில காந்த வைத்தியப் பிரிவுகள் அதையே தென்முனை என்று குறிக்கின்றன. ஒரே பலனை இரண்டு தரப்பும் எதிரெதிர் முனைக்குச் சொல்லி வருகின்றன. எந்த முனையைத் தோல் பக்கம் வைத்தாலும் வேறுபாடு உண்டென்று நம்பகமான சோதனை எதுவும் காட்டவில்லை. ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, சோதனை முடியும்வரை மாற்றாமல் இருங்கள்.

வந்ததும் சரிபார்ப்பது

1. காந்தத்தின் மேல் அச்சுத் தாள்களை அடுக்கி, ஒரு கிளிப்பை மேலே வையுங்கள். சாதாரண 80 ஜி.எஸ்.எம். தாள் 10 சேர்ந்தால் 1 மி.மீ. தடிமன். நல்ல நியோடிமியம் 100 தாளுக்கு மேலும் கிளிப்பை அசைக்கும். ரப்பர் தகடு 20, 30 தாளிலேயே கைவிட்டுவிடும்.

2. பட்டைக்குள் இருக்கும் காந்தங்கள் எங்கே என்று தெரிய, கிளிப்பை நூலில் கட்டிப் பட்டையின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். இழுபடும் இடங்களில் பேனாவால் குறி வையுங்கள். பத்துக் காந்தம் என்று எழுதிய பட்டையில் குறி ஐந்துதான் விழுந்தால் கேட்க வேண்டிய கேள்வி உங்களுக்கே தெரியும்.

3. கைபேசியில் காந்தமானிச் செயலி இருந்தால் இன்னும் நல்லது. அது மைக்ரோடெஸ்லாவில் காட்டும். 100 மைக்ரோடெஸ்லா என்பது 1 காஸ். காந்தம் இல்லாமல் முதலில் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வில்லையின் தட்டைப் பக்கம் கைபேசியை நோக்கியிருக்க, 15 செ.மீ. தொலைவில் வையுங்கள். மேலே சொன்ன வில்லை என்றால் சுமார் 50 மைக்ரோடெஸ்லா மாறும். 10 செ.மீ.-க்குக் கொண்டு வந்தால் மாற்றம் 170 அளவுக்கு ஏறும். பூமியின் புலத்தோடு திசை பார்த்துக் கூடும் அல்லது கழியும் என்பதால் எண் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். உணரி கைபேசியின் எந்த மூலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தும் மாறும். அதைவிட நெருங்க வேண்டாம். உணரி திணறும், கேமராவின் லென்ஸ் அசைவைத் தாங்கும் பகுதியும் பாதிக்கப்படலாம்.

கட்டும் முறை

வலி எங்கே என்று ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். உள்ளங்கையால்தான் காட்ட முடிகிறது என்றால் வலி ஆழத்தில் அல்லது பரவலாக இருக்கிறது; காந்தத்துக்கு அது தோதான இடமல்ல. ஒரு விரலால் காட்ட முடிந்தால், அந்தப் புள்ளியின் மேல் வில்லையின் நடு வரும்படி வையுங்கள்.

தோல் சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும். வலி நிவாரணத் தைலம், கிரீம் பூசிய உடனே மேலே இறுக்கிக் கட்டக் கூடாது. மருந்து கூடுதலாக உள்ளே இறங்கித் தோல் வெந்துபோகும். காந்தத்தை மெல்லிய பருத்தித் துணிப்பையில் போட்டு, மீள்தன்மையுள்ள பட்டையால் சுற்றுங்கள். பட்டைக்கும் தோலுக்கும் இடையே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். கட்டிய அரை மணி நேரத்தில் விரல் நுனி குளிர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, மதமதத்தாலோ அவிழ்த்துத் தளர்த்துங்கள்.

முதல் நாள் 1 மணி நேரம். எடுத்ததும் தோலைப் பாருங்கள். பட்டையின் சிவப்புத் தடம் 20, 30 நிமிடத்தில் மறைந்துவிட்டால் சரி. மறையவில்லை என்றால் இறுக்கம் அதிகம். கொப்புளமோ நாணய வடிவில் அரிப்போ வந்தால் அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம்; பூச்சை மாற்றும்வரை நிறுத்துங்கள். இரண்டாம் நாள் 2 மணி, மூன்றாம் நாள் முதல் 4 முதல் 6 மணி நேரம். இந்த 4 மணிக்கும் 6 மணிக்கும் மந்திரம் எதுவும் இல்லை. ஆய்வுகளில் பயன்படுத்திய நேரத்தை ஒட்டியது, தோலும் தாங்கும், அவ்வளவே. தூங்கும்போது வேண்டாம்.

சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் காந்தக் காலணி உள்தகடு போடவே கூடாது. அதில் துருத்திக்கொண்டிருக்கும் சின்னக் குமிழ்கள் அழுத்தி, வலி தெரியாமலே புண்ணாக்கிவிடும். கால் புண் எங்கே போய் முடியும் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறவர்கள் வாசலிலேயே எல்லாக் காந்தத்தையும் கழற்றிவிட வேண்டும். உள்ளாடைக்குள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டர் காந்தம் மறந்துபோகும் ஒன்று.

உங்களுக்கு வேலை செய்கிறதா: 30 நாள் சோதனை

நாள்பட்ட வலி தானாகவே ஏறி இறங்கும். அது உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் பட்டை வாங்குவார்கள். அதன்பின் அது இறங்கத்தான் செய்யும். பெயர் பட்டைக்குப் போய்விடும். பட்டையின் கதகதப்பும் பிடிமானமும் உண்மையிலேயே கொஞ்சம் இதமும் தரும். “ஏதோ செய்கிறோம்” என்ற நம்பிக்கையும் வலியைக் குறைக்கும். இந்த மூன்றையும் கழித்துவிட்டு மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதே சோதனை. 1784-ல் பாரிஸில் மெஸ்மரின் “உயிர்க் காந்த” வைத்தியத்தை விசாரித்த குழுவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாய்சியரும் இருந்தார்கள். நோயாளியின் கண்ணைக் கட்டிவிட்டுச் சோதித்துத்தான் அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். நீங்கள் செய்யப்போவதும் ஏறத்தாழ அதுவே.

இதற்கு வீட்டில் ஒரு ஆள் துணை வேண்டும்.

1. துணையாள் இரண்டு துணிப்பைகள் தைக்கிறார். ஒன்றுக்குள் நியோடிமியம், மற்றதற்குள் எஃகு வில்லை. நியோடிமியத்தின் அடர்த்தி சுமார் 7.5, எஃகின் அடர்த்தி சுமார் 7.8, ஒரே அளவு என்றால் கையில் எடை வேறுபாடு தெரியாது. இரண்டையும் ஒரே மாதிரித் துணியால் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். எது எது என்று தையலின் உள்பக்கம் அவருக்கு மட்டும் தெரியும் ஒரு குறி.

2. சோதனை 5 சுற்று. ஒவ்வொரு சுற்றும் 6 நாள்: 3 நாள் ஒரு பை, 3 நாள் மற்ற பை. எது முதலில் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் துணையாள் தனியாக நாணயம் சுண்டி முடிவு செய்து, எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். உங்களிடம் சொல்லக் கூடாது.

3. பயன்படுத்தாத பையைத் துணையாளே வேறு அறையில் வைத்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே மேசையில் இருந்தால் ஒன்றையொன்று இழுத்துக் குட்டு வெளிப்பட்டுவிடும்.

4. நீங்கள் தினமும் ஒரே நேரத்தில், ஒரே எண்ணிக்கை மணி நேரம் கட்டுகிறீர்கள். இரவு ஒரே நேரத்தில் 0 முதல் 10-க்குள் வலிக்கு மதிப்பெண் போடுகிறீர்கள். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் கற்பனை செய்ய முடிந்த உச்சம். நேற்று போட்டதைப் பார்க்காமல் போட வேண்டும். தாளை மடித்து வைத்தால் போதும்.

5. அன்று விழுங்கிய வலி மாத்திரை எத்தனை, வழக்கத்தைவிட அதிகம் நடந்தீர்களா, தூக்கம் எப்படி என்று ஒரு வரி.

6. ஒவ்வொரு 3 நாளிலும் முதல் நாள் மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள். முந்தைய பையின் தாக்கம் ஒட்டியிருக்கலாம். மற்ற இரண்டு நாளின் சராசரியை எடுங்கள்.

இதில் எளிதாகக் கெட்டுப்போவது இரகசியம். சாவிக் கொத்து பையில் ஒட்டிக்கொண்டால், இரும்பு அலமாரியில் சாயும்போது பட்டை இழுபட்டால், சோதனை அங்கேயே முடிந்தது. பெரிய ஆய்வுகளுக்கே இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. வலுவான காந்தம் அணிந்தவர்கள் தங்களுடையது அசல் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு சுற்று முடிவிலும் “இந்தச் சுற்றில் முதல் பை காந்தம் என்று நினைக்கிறேன்” என்று உங்கள் ஊகத்தையும் எழுதி வையுங்கள். ஐந்தில் நான்கைந்து சரியாக ஊகித்திருந்தால் மதிப்பெண்களுக்கு அதிக மதிப்பில்லை.

30 நாள் முடிந்து உறையைப் பிரித்ததும் கணக்கு எளிது. ஐந்து சுற்றிலும் காந்தம் இருந்த பக்கமே வலி குறைவு என்றால், அது குருட்டு அதிர்ஷ்டத்தால் நடக்கும் வாய்ப்பு 32-ல் 1. ஐந்தில் நான்கு அல்லது அதற்கு மேல் என்று தளர்த்தினால் வாய்ப்பு 32-ல் 6 ஆகிவிடும், கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. அதை வெற்றி என்று கொண்டாட முடியாது. ஐந்தும் காந்தத்துக்கே போனாலும், சராசரி வேறுபாடு 2 மதிப்பெண்ணாவது இருந்தால்தான் அன்றாட வாழ்க்கையில் உணரும் அளவு. வேறுபாடு அரை மதிப்பெண் என்றால் விட்டுவிடுங்கள்.

எஃகு வில்லை நாட்களிலும் வலி குறைந்திருக்கிறதா? அப்படியானால் உங்களுக்கு உதவியது பட்டை. காந்தமில்லாத பட்டையை வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு என்ன வந்தது

காந்தத்துக்குச் சாதகமாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 1997-ல் அமெரிக்காவில் கார்லோஸ் வல்போனா குழு செய்த ஆய்வு. போலியோ பாதிப்புக்குப் பின் வலியோடு இருந்த 50 பேரிடம் 300 முதல் 500 காஸ் காந்தத்தை 45 நிமிடம் வைத்தார்கள். அசல் காந்தம் வைத்தவர்களுக்கு வலி கணிசமாகக் குறைந்தது. ஆனால் ஒரே ஒரு முறை, 45 நிமிடம் மட்டுமே. மாதக்கணக்கில் என்ன ஆகும் என்று அது சொல்லவில்லை.

அடுத்து வந்தவை அதை உறுதிப்படுத்தவில்லை. 2000-ல் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 20 பேரிடமும், 2003-ல் குதிகால் வலி உள்ள 101 பேரிடமும் நடந்த ஆய்வுகளில் அசலுக்கும் போலிக்கும் வேறுபாடு இல்லை. 2004-ல் பிரிட்டனில் இடுப்பு, முழங்கால் தேய்மானம் உள்ள 194 பேர் 12 வாரம் அசல் அல்லது போலிக் காந்த வளையல் அணிந்தார்கள். அசல் அணிந்தவர்களுக்கு வலி கொஞ்சம் குறைந்தது, ஆனால் அவர்கள் ஊகித்துவிட்டதால் வந்த பலனா என்று ஆய்வாளர்களுக்கே சந்தேகம். 2007-ல் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது வலிக்குப் பலன் தெரியவில்லை. மூட்டுத் தேய்மானத்தில் மட்டும் கதவை முழுதாக அடைக்க முடியாது என்றார்கள். 2013-ல் முடக்குவாதம் உள்ள 70 பேரிடம் காந்தப் பட்டையையும் செம்பு வளையலையும் சோதித்ததில் இரண்டுமே தோற்றன.

ஆகவே உங்கள் 30 நாள் சோதனை “இல்லை” என்று முடிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அதற்காக அந்த 30 நாளும் வீணாக வேண்டியதில்லை. சோதனை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே உடற்பயிற்சியை ஆரம்பித்து, முடியும்வரை ஒரே அளவில் தொடருங்கள். முழங்காலுக்கு: காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, தொடைத் தசையை இறுக்கித் துண்டை அழுத்துங்கள்; 5 விநாடி பிடித்து விடுங்கள்; 10 முறை, நாளைக்கு 3 வேளை. குதிகாலுக்கு: காலையில் முதல் அடி வைப்பதற்கு முன்பே கால் விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்து, உள்ளங்காலில் இழுவிசை தெரியும்படி 10 விநாடி, 10 முறை. இடுப்புக்கு தினமும் நடை. சோதனைக்கு நடுவில் பயிற்சியைக் கூட்டினால் கணக்கு குழம்பும். முன்பே தொடங்கச் சொல்வது அதனால்தான். மருத்துவர் எழுதிய மாத்திரைகளையும் காந்தத்தை நம்பி நிறுத்தக் கூடாது.

காந்த நீர், காந்தப் படுக்கை, காந்தக் கழுத்து மாலை

தண்ணீர் காந்தத்தைச் சேமித்து வைக்காது. காந்தத்தின் மேல் இரவு முழுக்க வைத்த குவளையை எடுத்தவுடன் அது பழைய தண்ணீர்தான். குடித்தால் தாகம் தீரும். படுக்கையில் பஞ்சு அடுக்குக்குக் கீழே புதைத்த காந்தத்திலிருந்து உடலுக்கு எவ்வளவு வரும் என்பதை மேலே சொன்ன தொலைவுக் கணக்கை வைத்து நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, புற்றுநோய் என்று பட்டியல் போடும் காந்தப் பொருள் எதையும் வாங்காதீர்கள்.

மின்காந்தக் கருவி வேறு

“மருத்துவமனையிலேயே காந்த சிகிச்சை செய்கிறார்களே” என்று கேட்பவர்களுக்கு: அங்கே இருப்பது துடித்துத் துடித்து மாறும் புலம். மாறும் புலம் திசுக்களில் மின்னோட்டத்தைத் தூண்டும். அசையாத காந்தம் அதைச் செய்யாது. கூடாத எலும்பு முறிவுக்குத் துடிப்பு மின்காந்தக் கருவியை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1979-ல் ஏற்றது. மண்டையின் மேல் சுருளை வைத்து ஒரு டெஸ்லாவுக்கும் மேற்பட்ட துடிப்பைத் தரும் முறை 2008-ல் மனச்சோர்வுக்கு அனுமதி பெற்றது. இவற்றின் பெயரைச் சொல்லி வில்லைக் காந்தத்தை விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: “உங்களுடையது மின்சாரத்தில் ஓடுகிறதா?” ஓடுகிறது என்றால் அடுத்த கேள்வி: எந்த நோய்க்கு, எந்த அதிர்வெண்ணில், எத்தனை காஸ், யார் அனுமதித்தது?

பராமரிப்பும் குழந்தைகளும்

சாதாரணத் தர நியோடிமியம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வலுவை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும். கொதிநீரில் போடாதீர்கள், இஸ்திரிப் பெட்டி பட விடாதீர்கள். பட்டையைத் துவைக்கும் முன் காந்தத்தை எடுத்துவிடுங்கள். இரண்டு காந்தங்களைப் பிரிக்க நேராக இழுக்காமல் பக்கவாட்டில் நழுவவிடுங்கள். நேராக இழுத்தால் திரும்பப் பாய்ந்து விரல் தோலைக் கவ்வும், அல்லது மோதிச் சில்லாகத் தெறிக்கும். பூச்சு உரிந்து செம்பழுப்புத் தூள் உதிர ஆரம்பித்தால் தோலோடு வைக்காமல் அப்புறப்படுத்துங்கள். காந்தப் பட்டையுள்ள அட்டைகள், காது கேட்கும் கருவி ஆகியவற்றிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

சின்ன நியோடிமியம் உள்ள வீட்டில் குழந்தை இருந்தால் பூட்டி வையுங்கள், எண்ணி வையுங்கள். ஒரு காந்தம் விழுங்கினாலே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு, அல்லது ஒரு காந்தமும் ஒரு இரும்புத் துண்டும் என்றால் அது அவசரம். குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அழுத்தத்தில் ரத்த ஓட்டம் நின்று குடல் துளைபடும். குழந்தை அப்போதைக்கு விளையாடிக்கொண்டே இருக்கும், வயிற்று வலியும் வாந்தியும் தாமதமாகத்தான் வரும். வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். அதேபோன்ற காந்தம் ஒன்று மிச்சமிருந்தால் மருத்துவரிடம் காட்டக் கையோடு எடுத்துப் போங்கள். அதை மட்டும் குழந்தையின் வயிற்றுக்கு அருகில் கொண்டு போக வேண்டாம்.